பிள்ளைய ஜிஇபி டெஸ்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி வீட்ல பேசி வச்சுக்க வேண்டியது

எங்க பொண்ணு 2017ல பிரைமரி 3, பையன் 2021ல பிரைமரி 3. ரெண்டு பேருமே சிங்கப்பூர்ல ஜிஇபி டெஸ்ட் எழுதினவங்க. பொண்ணுக்குக் கிடைச்சுது, பையனுக்கு ரெண்டாவது ரவுண்டோட நின்னுபோச்சு. அதனால ரெண்டு பக்கமும் எப்படி இருக்கும்னு எங்க வீட்டுக்குத் தெரியும். கோயில்ல பாத்தாலும் சரி, கல்யாண வீட்ல பாத்தாலும் சரி, சின்னப் பிள்ளை வச்சிருக்கவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது எந்த டியூஷன் சென்டர்ல சேத்தீங்க, எந்த அசெஸ்மென்ட் புக் வாங்கினீங்கன்னுதான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆனா கிடைக்குமா கிடைக்காதான்னு ஆறு மாசம் பேசின நாங்க, கிடைச்சா போவோமா, போனா எந்த ஸ்கூல், எப்படிப் போவா, தமிழ் என்ன ஆகும்னு ஒருநாள்கூட உட்காந்து பேசலை. அதுக்கான விலைய எங்க பொண்ணுதான் ஒரு வருஷம் கொடுத்தா. அதத்தான் சொல்ல வந்தேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜிஇபிங்கறது, அதாவது கிஃப்டட் எஜுகேஷன் புரோகிராம், கல்வி அமைச்சு 1984ல ஆரம்பிச்ச திட்டம், மீத்திறன் பிள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பு. பிரைமரில முதல்ல ரோசித், ராஃபிள்ஸ் கேர்ள்ஸ் பிரைமரின்னு ரெண்டே ஸ்கூல்ல இருந்துச்சு, பின்னாடி ஒன்பது ஸ்கூல் ஆச்சு. எங்க பிள்ளைங்க எழுதின காலத்து முறையச் சொல்றேன், இப்ப அது மாறிடுச்சு, அதக் கடைசில சொல்றேன். பிரைமரி 3 படிக்கும்போது ஆகஸ்ட்ல முதல் ரவுண்டு, இங்கிலீஷும் கணக்கும். அதுல மேல வர்றவங்களுக்கு அக்டோபர்ல ரெண்டாவது ரவுண்டு, இங்கிலீஷ், கணக்கு, கூடவே ஜெனரல் எபிலிட்டின்னு ஒண்ணு, அது ரெண்டு நாள் நடக்கும். கடைசில அந்த வயசுப் பிள்ளைங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்ங்கற கணக்குல எடுப்பாங்க, மொத்தம் ஐந்நூறு பேர் சுமாருக்கு. டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது, மார்க் எவ்வளவுன்னும் சொல்ல மாட்டாங்க. நவம்பர்ல முடிவு வரும், ஜனவரில பிள்ளை புது ஸ்கூல்ல பிரைமரி 4ல உட்காந்திருக்கணும். இந்த நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எவ்வளவு சின்னதுன்னு கவனிச்சுக்கோங்க, பின்னாடி அதுக்கு வர்றேன்.

முதல்ல டியூஷன் கதை. அந்த வருஷம் ஜூன் லீவுல, கூட வேலை பாக்குற ஒரு அக்கா சொன்னாங்கன்னு பொண்ண ஒரு சென்டர்ல சேத்தோம், ஜிஇபிக்குன்னே தனி கோர்ஸ், பத்து வாரம். புதன்கிழமை சாயங்காலம் ஒண்ணு, சனிக்கிழமை காலைல ஒண்ணு. தயார் பண்ணாதீங்கன்னு அமைச்சு எத்தனையோ தடவை சொல்லியிருக்கு, அது எனக்கும் தெரியும், ஆனா மத்தவங்க எல்லாம் அனுப்புறாங்களே, நாம மட்டும் அனுப்பாம விட்டா நாளைக்கு நம்ம பிள்ளைக்கு நாமளே வாய்ப்பக் கெடுத்த மாதிரி ஆயிடுமேங்கற பயம். அந்தப் பயத்தத்தான் அந்த சென்டர்கள் விக்குதுன்னு இப்பப் புரியுது.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, அவ பைல இருந்து ஒரு ஒர்க்‌ஷீட் எடுத்தேன். எண் வரிசை கணக்கு. 1, 2, 4, அடுத்து என்னன்னு ஒரு கேள்வி. அவ பென்சில்ல 8ன்னு எழுதி, அதுக்குக் கீழ சின்னதா 7ன்னும் எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருந்தா. அதுமேல சிவப்பு மைல ஒரு பெரிய பெருக்கல் குறி. என்னடி இதுன்னு கேட்டேன். "அம்மா, ரெண்டு ரெண்டா பெருக்கினா 8 வருது, ஆனா முதல்ல ஒண்ணு கூட்டி அப்புறம் ரெண்டு கூட்டினா, அடுத்து மூணு கூட்டி 7 வரணும்ல? எது வேணும்னு அவங்க சொல்லவே இல்லை. டீச்சர் ஒரு ஆன்ஸர்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்க." சொல்லிட்டு அந்தப் பேப்பரை வாங்கி மடிச்சு பைக்குள்ள வச்சுட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. இந்தப் பிள்ளைக்கு மீத்திறன்னு ஒண்ணு இருக்குன்னா அது அந்த 7லதானே இருக்கு, அத அழிச்சுட்டு 8 மட்டும் எழுதப் பழக்குறதுக்கு நான் காசு கட்டிட்டு இருக்கேனேன்னு. மீதி வாரத்துக்கு அனுப்பலை. கட்டின காசு திரும்ப வராதுன்னாங்க, போகட்டும்னு விட்டோம்.

இதனால பயிற்சியே வேண்டாம்னு சொல்ல வரலை. கேள்வி எந்த மாதிரி இருக்கும்னு பிள்ளை ஒருதடவை பாத்துட்டுப் போறதுல தப்பு இல்லை, ஏன்னா படத்துல வடிவம் சுத்திச் சுத்தி வர்றது, இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல்னா அந்தச் சொல்லுக்கு எதுன்னு கேக்குறது, இதெல்லாம் ஸ்கூல் பரீட்சைல வர்றது இல்லை, முதல் தடவை பாக்குற பிள்ளை மிரண்டுடும். அதுக்கு ஒரு சனிக்கிழமை போதும். பையனுக்கு நாங்க அப்படித்தான் பண்ணோம், ஒரே ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேசைல உட்காந்து, ரெண்டு மணி நேரம். இங்கிலீஷ் பேப்பருக்குச் சொல் பட்டியல் மனப்பாடம் பண்ண வைக்கிறவங்க இருக்காங்க, எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அது தண்டனை. நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, என்ன எடுக்குதோ எடுக்கட்டும், டைனோசர் புக்கே நாப்பது எடுத்தாலும் எடுக்கட்டும். பொண்ணுக்கு வந்த இங்கிலீஷ் எல்லாம் அப்படி வந்ததுதான், அந்த சென்டர் கொடுத்த பட்டியல்ல இருந்து வந்தது இல்லை.

டெஸ்ட் நாள் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்லை. நேரத்தோட தூங்க வைங்க, காலைல வழக்கமா சாப்பிடுறதையே கொடுங்க, வாசல்ல நின்னு ஆல் த பெஸ்ட்னு பத்து தடவை சொல்லாதீங்க. வந்ததும் என்ன கேட்டாங்க, என்ன எழுதினன்னு குடையாதீங்க. நான் குடைஞ்சேன். அவ அதுக்கப்புறம் ரெண்டு நாள், "அது தப்பா போச்சோம்மா, இது தப்பா போச்சோம்மா"ன்னு கேட்டுட்டே இருந்தா.

இப்போ நவம்பர். கிடைச்சிருக்குன்னு லெட்டர் வந்துச்சு. வீட்ல ஒரே சந்தோஷம், புதுக்கோட்டைல இருந்து அம்மா போன்ல அழுதாங்க, இவர் ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்துட்டார். அன்னைக்கு ராத்திரிதான் அந்த ஒன்பது ஸ்கூல் பட்டியல எடுத்து வச்சு ஒழுங்கா படிச்சோம். தமிழ்ப் பிள்ளை வச்சிருக்கற யாரா இருந்தாலும் முதல் நாளே படிச்சிருக்க வேண்டிய பட்டியல் அது. ஒன்பதுல கேத்தலிக் ஹை, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் நாலும் எஸ்ஏபின்னு சீன மொழிக்குத் தனி முக்கியத்துவம் தர்ற ஸ்கூல், அங்க தாய்மொழிப் பாடம்னா சீனம்தான், தமிழ் கிடையாது. மிச்சம் அஞ்சு. அதுல ஆங்கிலோ சைனீஸ் பிரைமரி பையன்களுக்கு, ராஃபிள்ஸ் கேர்ள்ஸ் பிரைமரி பொண்ணுங்களுக்கு. ஆக தமிழ் எடுக்கற பொண்ணுக்கு ஹென்றி பார்க், ரோசித், செயின்ட் ஹில்டாஸ், ராஃபிள்ஸ் கேர்ள்ஸ், அவ்வளவுதான். நாங்க இருக்கறது ஜூரோங் வெஸ்ட். செயின்ட் ஹில்டாஸ் தெம்பனிஸ்ல, தீவோட அந்தக் கோடி. ரோசித் சிராங்கூன் நார்த்ல, அதுவும் ரொம்ப தூரம். ஒன்பதுன்னு நினைச்சது ஒரே ராத்திரில ஹென்றி பார்க், ராஃபிள்ஸ் கேர்ள்ஸ்னு ரெண்டா சுருங்கிடுச்சு, அந்த ரெண்டும்கூட பக்கத்துல இல்லை.

பதில் சொல்ல கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. அந்தக் கொஞ்ச நாள்ல நானும் இவரும் பேசினது பாதி, சண்டை போட்டது பாதி. கிடைச்சத விடவா முடியும்னு அவர். இருக்கற ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கா, வீட்ல இருந்து நடந்து போற தூரம், தமிழ் டீச்சருக்கு அவமேல உசுருன்னு நான். ரெண்டு பேரும் அவகிட்ட என்ன கேட்டோம்னா, "போறியாடா"ன்னு. அப்பா முகத்தப் பாத்துட்டு, என் முகத்தப் பாத்துட்டு, சரின்னா. எட்டு ஒன்பது வயசுல வேற என்ன சொல்லும் பிள்ளை.

இதுதான் நான் அடிச்சுச் சொல்ற விஷயம். ஜூலைலயே, டெஸ்ட்டுக்கு முன்னாடி, முடிவு தெரியாத நேரத்துல, சந்தோஷமும் ஏமாத்தமும் கண்ண மறைக்காத நேரத்துல இதையெல்லாம் பேசி வச்சுடுங்க. போனா எந்த ஸ்கூல், அங்க தமிழ் வகுப்பு எந்த நேரத்துல, ஹையர் தமிழ்னு கொஞ்சம் உயர்ந்த நிலைல சொல்லித் தர்ற தமிழ்ப் பாடம் அந்த ஸ்கூல்லயே உண்டா, ஸ்கூல் பஸ் நம்ம ஏரியாவுக்கு வருமா, காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும், சிசிஏன்னு பாடத்துக்கு வெளிய நடக்கற விளையாட்டு, கலை மாதிரி இருக்கற நாள் எத்தனை மணிக்கு வீடு திரும்பும், அந்த நேரம் வீட்ல யாரு இருப்பா. ஸ்கூலுக்கு போன் போட்டுக் கேட்டா சொல்லுவாங்க, கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை. இன்னும் கிடைக்கவே இல்லை, அதுக்குள்ள எப்படிக் கேக்குறதுன்னுதான் நாங்க தயங்கினோம். ஒரு சனிக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டுப் போய் அந்த வழில பஸ், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) மாறிப் பாருங்க, காலைல கூட்டத்துல அது எப்படி இருக்கும்னு தெரியும்.

நாங்க எதையும் பாக்காம சரின்னு எழுதிக் கொடுத்துட்டோம். டிசம்பர் கடைசில பஸ்காரர் உங்க ஏரியாவுக்கு வர முடியாதுன்னுட்டார். தேடி அலைஞ்சு, ஒரு வேன் பிடிச்சு, மூணு வீட்டுப் பிள்ளைங்க சேந்து போற மாதிரி ஏற்பாடு பண்ணோம். அஞ்சே முக்காலுக்கு பிளாக் கீழ நிக்கணும். அஞ்சு மணிக்கு அவள எழுப்பும்போது இருட்டுல கண்ணத் திறக்காமலே சாக்ஸ் போட கால நீட்டுவா, நான் போட்டு விடுவேன். பிரைமரி 4 பிள்ளைக்கு நான் சாக்ஸ் போட்டு விட்டுட்டு இருந்தேன், ஏன்னா அந்த ரெண்டு நிமிஷமாவது அது கூடுதலா தூங்கட்டும்னு.

படிப்பு விஷயத்துல குறை சொல்ல மாட்டேன். வகுப்புல 25 பேர்தான், டீச்சர்ங்க அக்கறையானவங்க, பாடம் அகலமாவும் ஆழமாவும் போச்சு. ஆனா இதுவரைக்கும் எல்லாத்துலயும் முதல்ல வந்த பிள்ளை திடீர்னு நடுவுல வந்துட்டா. மார்ச் மாசம் ஒருநாள் மெத்தைக்குக் கீழ இருந்து ஒரு கணக்குப் பேப்பர் கிடைச்சுது, 61. அந்த மார்க்க அவ வாழ்க்கைலயே பாத்தது இல்லை, அதான் ஒளிச்சு வச்சிருக்கா. திட்டலை, பக்கத்துல உட்காந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு சொன்னா: "எல்லாரும் என்னைவிட வேகமா கை தூக்குறாங்கம்மா. நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுது. என்னைத் தெரியாமத்தான் இங்க போட்டுட்டாங்க போல." அதக் கேட்டப்போ எனக்கு நெஞ்சே அடைச்சுடுச்சு. இந்தத் திட்டத்துல சேர்ற பிள்ளைங்கள்ல நிறையப் பேருக்கு முதல் ஆறு மாசம் இப்படித்தான் போகும்னு அப்புறம் மத்த அம்மாங்ககிட்ட பேசும்போதுதான் தெரிஞ்சுது. ஜனவரிக்கு முன்னாடியே அவளுக்கு யாராவது சொல்லியிருந்தா, நானாவது சொல்லியிருந்தா, அந்தப் பேப்பர் மெத்தைக்குக் கீழ போயிருக்காது. நீங்க சொல்லி வைங்க. இனிமே நீ வகுப்புல முதலா இருக்க மாட்ட, அது தப்பு இல்லை, கஷ்டமான கணக்கு கிடைக்கணும்னுதானே போறோம்னு நேராவே சொல்லுங்க, புரிஞ்சுக்கும்.

தமிழ் விஷயம் தனியா வலிச்சுது. ஜிஇபில இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூகவியல்தான் தனிப் பாடத்திட்டம், தாய்மொழிக்கு அப்படி எதுவும் கிடையாது. பழைய ஸ்கூல்ல தமிழ் வகுப்புல அவளோட பன்னெண்டு பேர், எல்லாம் ஒண்ணாவதுல இருந்து கூட வந்ததுங்க. புது ஸ்கூல்ல தமிழ் நேரத்துக்கு வேற வகுப்புப் பிள்ளைங்களோட போய் உட்காரணும், அவளோட வகுப்புல தமிழ் பேசுற பிள்ளை அவ ஒருத்திதான். வீட்ல மெதுவா இங்கிலீஷ்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா. நாங்க அத ரொம்ப நாள் கவனிக்கலை.

அவள மீட்டுக் கொடுத்தது பிரைமரி 5ல வந்த ஒரு தனி ஆய்வு. ஜிஇபில பிள்ளைங்க தனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ண எடுத்து ஒரு வருஷம் தானே ஆராய்ச்சி பண்ணி எழுதணும். என்ன எடுக்குறதுன்னு வாரக்கணக்கா முழிச்சுட்டு இருந்தா. ஒரு வெள்ளிக்கிழமை லிட்டில் இந்தியால பூ வாங்கிட்டு இருந்தோம், ரெண்டு முழம் மல்லிகை கேட்டேன், பூக்காரம்மா முழங்கைல இருந்து விரல் நுனி வரைக்கும் வச்சு அளந்தாங்க. இவ கேட்டா, "அம்மா, இந்த ஆன்ட்டி கை சின்னது, அந்தக் கடை அங்கிள் கை பெருசு, அப்ப அங்க வாங்கினா நிறையக் கிடைக்குமா?" அவ்வளவுதான். அடுத்த மூணு மாசம் வெள்ளிக்கிழமைதோறும் டேப் எடுத்துட்டுக் கடை கடையா போனோம். ஏழு கடை. அளந்து பாக்கலாமான்னு தமிழ்லதான் கேக்கணும், ஏன்னா அவங்க தமிழ்லதான் பதில் சொல்லுவாங்க. முதல் கடைல என் புடவை முந்தானையப் பிடிச்சுட்டு நின்னவ, நாலாவது கடைல, "ஐயா, உங்க முழம் எவ்வளவுன்னு ஒருதடவை அளந்துக்கலாமா, ஸ்கூல் வேலைக்கு"ன்னு தானே கேட்டா. ஒரு கடைல 41 சென்டிமீட்டர், ஒரு கடைல 52. ஆனா கை பெருசா இருக்கற கடைல பூவ நெருக்கமா கட்டலை, இடைவெளி விட்டுக் கட்டியிருந்தாங்க, அதனால பூ எண்ணிக்கைல பெரிய வித்தியாசமே இல்லைன்னு எண்ணி எண்ணிக் கண்டுபிடிச்சா. அதுக்கு முன்னாடி வருஷம் 61 வாங்கி ஒளிச்சு வச்ச அதே பிள்ளை. வேகமா கை தூக்குறவ இல்லை அவ, நின்னு எண்ணுறவ. டெஸ்ட் எழுதின அன்னைக்கே எனக்கு இது தெரிஞ்சிருந்தா எத்தனை அழுகை மிச்சமாயிருக்கும்.

2020ல பிஎஸ்எல்இ எழுதினா, அதாவது பிரைமரி 6 முடிவுல எல்லாப் பிள்ளைங்களும் எழுதுற தேசியப் பரீட்சை. ஜிஇபி பிள்ளைங்களுக்கும் அதே பிஎஸ்எல்இதான், தனியா எதுவும் இல்லை. நல்லா வந்தா.

அடுத்த வருஷம் பையன் முறை வந்துச்சு. அவன் வேற மாதிரி. எம்ஆர்டி வரைபடம்னா உயிரு, அப்போ அறிவிச்சு இன்னும் திறக்காத ஜூரோங் வட்டார லைன அவனே வரைஞ்சு, எந்த ஸ்டேஷன்ல மாறினா எத்தனை நிமிஷம் மிச்சம்னு நோட்டு நோட்டா எழுதி வச்சிருப்பான். இந்த தடவை ஜூலைலயே உட்காந்து பேசினோம். கிடைச்சா அவன் போக விரும்புற ஸ்கூல் எது, போறதுக்கு எவ்வளவு நேரம்னு அவனே கணக்குப் போட்டான், அதுல அவனுக்குக் கூடுதல் சந்தோஷம். கிடைக்கலைன்னா என்ன பண்ணுவோம்னும் அப்பவே சொன்னோம்: ஒண்ணும் மாறாது, உனக்குக் கஷ்டமான கணக்கு வேணும்னா நாம வேற வழில தேடுவோம். முதல் ரவுண்டு தாண்டினான். நவம்பர்ல வரலை.

வரலைன்னு சொன்ன அன்னைக்கு அழுதான். அக்காவுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கலைன்னு. வீட்ல ஒரு பிள்ளைக்குக் கிடைச்சு இன்னொண்ணுக்குக் கிடைக்காமப் போறது பெத்தவங்களுக்கு ரொம்பக் கஷ்டமான இடம், அதுக்கு என்கிட்ட நல்ல மருந்து எதுவும் இல்லை. நாங்க பண்ணது ரெண்டு. உறவுக்காரங்க, தெரிஞ்சவங்க யாருகிட்டயும் அவன் டெஸ்ட் எழுதினதையே சொல்லலை, அதனால எவரும் வந்து என்னாச்சுன்னு கேக்கலை, பொண்ணு விஷயத்துல ஊருக்கே சொல்லி வச்சிருந்தோம், கிடைக்காமப் போயிருந்தா அவ கதி என்னன்னு இப்ப நினைச்சாலும் பதறுது. இன்னொண்ணு, அக்காவே அவன்கிட்ட அந்த 61 கதையச் சொன்னா. அந்தப் பேப்பரை இன்னும் வச்சிருக்கா, எடுத்துக் காட்டினா. அவன் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தான்.

கிடைக்காத பிள்ளைக்கு எதுவுமே இல்லைன்னு நிறையப் பேர் நினைச்சுக்கறாங்க, அது சரி இல்லை. ஜிஇபி இல்லாத ஸ்கூல்கள்லயும் கணக்கு, அறிவியல்ல ஆர்வமுள்ள பிள்ளைங்களுக்கு ஈ2கேன்னு ஒரு திட்டம் அப்போ நடந்துச்சு, எல்லா ஸ்கூல்லயும் இல்லை, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். ஜனவரில பேரன்ட்ஸ் மீட்டிங்ல நான் போய் டீச்சர்கிட்ட என் பையன் பிரைட், ஏதாவது பண்ணுங்கன்னு கேக்கலை. அவன் வரைஞ்ச எம்ஆர்டி நோட்டு ரெண்ட எடுத்துட்டுப் போய் மேசைல வச்சேன். அந்த டீச்சர் பத்து நிமிஷம் புரட்டினாங்க, அவங்களே, "ஈ2கே கணக்குக்கு இவனை முயற்சி பண்ணிப் பாக்கலாமே"ன்னாங்க. சர்டிபிகேட் ஃபைல் எடுத்துட்டுப் போறத விட பிள்ளை யாரும் சொல்லாம தானா பண்ணின ஒண்ண எடுத்துட்டுப் போங்க. ஆசிரியருங்களுக்குத் தெரியும் எது அம்மா பண்ண வச்சது, எது பிள்ளை பண்ணதுன்னு.

இப்ப நிலைமையே மாறிடுச்சு. 2024 ஆகஸ்ட்ல பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணில, ஜிஇபி இப்ப இருக்கற வடிவத்துல தொடராதுன்னு அறிவிச்சார். 2024ல பிரைமரி 1 சேந்த பிள்ளைங்கதான் புது முறைல முதல் செட், அவங்க 2026ல பிரைமரி 3, 2027ல பிரைமரி 4. ரெண்டு ரவுண்டு கிடையாது, ஒரே டெஸ்ட், அதோட ஆசிரியர் பாத்து சொல்றதும் பிள்ளையோட வேலைகளும் கணக்குல வரும். பிள்ளை தன் ஸ்கூல்லயே இருக்கும், அங்கயே அதுக்கான வகுப்புகள் நடக்கும், இன்னும் வேணுங்கற பிள்ளைங்க ஸ்கூல் முடிஞ்சு பக்கத்துல இருக்கற வேற ஸ்கூல்ல கூடுதல் வகுப்புக்குப் போகலாம். எனக்கு இதக் கேட்டதும் மனசு லேசாச்சு, ஒன்பது வயசுல பிள்ளையப் பிடுங்கி வேற இடத்துல நட வேண்டாம், தமிழ் டீச்சர் மாற வேண்டாம்.

ஆனா கேக்க வேண்டியது இன்னும் இருக்கு. அந்தக் கூடுதல் வகுப்பு எந்த ஸ்கூல்ல, எந்த நாள், அது ஹையர் தமிழ் வகுப்போட மோதுமா, மோதினா எத விடறது, அங்க யாரு கூட்டிட்டுப் போவா. ஆசிரியர் பார்வைக்கு மதிப்பு கூடியிருக்கறதால, பிள்ளை வீட்ல என்ன பண்ணுதுன்னு டீச்சருக்குத் தெரியறது முன்னைவிட முக்கியம். அடக்கமா இருக்கணும்னு நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, சொல்லிச் சொல்லி வளத்திருக்கோம், தெரிஞ்சாலும் வாயத் திறக்காம உட்காந்திருக்கும். அது டீச்சருக்கு எப்படித் தெரியும், நாமதான் போய்ச் சொல்லணும். நம்ம பிள்ளையப் பத்தி நாமே எப்படிப் பெருமையா பேசுறதுன்னு கூச்சப்படாதீங்க, பெருமை பேச வேண்டாம், பண்றத மட்டும் சொன்னாப் போதும்.

எங்க பிளாக்ல ஆறாவது மாடில ஒரு தம்பதி, பெரம்பலூர் பக்கம், அவங்க பையன் 2026 செட். போன மாசம் அந்தப் பொண்ணு வந்து, "அக்கா, உங்க பொண்ணு போன சென்டர் நம்பர் இருக்கா, இப்பவே சேத்தாத்தான் எடம் கிடைக்குமாம்"னு கேட்டுச்சு. கொடுக்கலை. உன் பையன் சும்மா இருக்கும்போது என்ன பண்ணுவான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எறும்பு பாத்துட்டு இருப்பான்க்கா, காரிடார்ல, ஒரு மணி நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டான், நான் திட்டி உள்ள இழுத்துட்டு வருவேன்"னுச்சு. இனிமே இழுக்காதன்னேன், ஒரு நோட்டு வாங்கிக் கொடு, என்ன பாக்குறானோ வரைஞ்சு வைக்கட்டும், தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதட்டும், திருத்தாத. நேத்து லிஃப்ட்ல பாத்தேன் அந்தப் பையன. கைல நோட்டு. எறும்பு எந்த வீட்டு வாசல்ல இருந்து எந்த வீட்டு வாசலுக்குப் போகுதுன்னு வீட்டு நம்பரோட கோடு போட்டு வச்சிருக்கான், எங்க வீட்டு நம்பரும் அதுல இருக்கு.